அந்தத் தண்ணீர் எங்கே போனது? கருப்பைச் சத்திரசிகிச்சையில் குளிரும் கணக்கும்

"தங்கச்சி, எனக்கு வயித்தை வெட்டேல்லை. கமெரா விட்டுத்தான் செய்தவை. ஆனா முடிஞ்சு வெளியில கொண்டு வரேக்க உடம்புக்குள்ள ஐஸ் தண்ணி ஊத்தின மாதிரிக் குளிர். பல்லெல்லாம் அடிச்சுக்கொண்டு கிடந்தது. ரெண்டு போர்வை போட்டும் நிக்கேல்லை."

இதைச் சொன்ன அக்காவுக்கு 47 வயது. முல்லைத்தீவு மாவட்டத்தைச் சேர்ந்தவர். கணவரை 2009 இல் இழந்து, இரண்டு பிள்ளைகளையும் தனியே வளர்த்தவர். ஏழெட்டு வருடமாக மாதவிடாய் வந்தால் பத்து நாள், பன்னிரண்டு நாள் என்று குருதி போய்க்கொண்டே இருந்திருக்கிறது. "பங்கருக்குள்ள கிடந்த உடம்புதானே, இப்பிடித்தான் இருக்கும் எண்டு விட்டிட்டன்" என்றார். கிளினிக்கில் கொடுத்த இரும்புச்சத்துக் குளிசையை விழுங்கிக்கொண்டு கூலி வேலைக்கும் போயிருக்கிறார். கடைசியில் ஸ்கேன் செய்தபோதுதான் கருப்பையின் உள்ளே துருத்திக்கொண்டிருந்த பைப்ரொயிட் கட்டி தெரியவந்தது. வெளிமாவட்டத்திலுள்ள பெரிய வைத்தியசாலை ஒன்றுக்கு அனுப்பப்பட்டார்.

அவருக்கு இரண்டு மனக்குறைகள் இருந்தன. ஒன்று, கட்டியில் பாதியை எடுத்துவிட்டு "மிச்சத்தைப் பிறகு எடுப்பம்" என்று நிறுத்திவிட்டார்கள். ஏழை என்றபடியால்தான் இப்படிச் செய்தார்கள் என்பது அவருடைய எண்ணம். மற்றது தண்ணீர். முள்ளந்தண்டில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே விறைக்கச் செய்திருந்ததால் அவர் விழித்தபடி படுத்திருந்தார். பைகளை மாற்றி மாற்றிக் கொழுவியதைப் பார்த்திருக்கிறார். "நாலு பையோ அஞ்சு பையோ. அவ்வளவும் உள்ள போனது எனக்குத் தெரியும். எல்லாம் வெளியில வந்ததோ? வரேல்லை எண்டா எங்க போனது?"

சத்திரசிகிச்சைக் கூடத்தில் நிற்கின்ற அத்தனை பேரும் அந்த நேரம் முழுவதும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டிய கேள்வி இது.

கருப்பை உள்ளே வெறுமையான பை என்று நாம் நினைக்கிறோம். சாதாரண நிலையில் அதன் முன்சுவரும் பின்சுவரும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். காற்றில்லாத பலூன் போல. யோனி வழியாக மெல்லிய குழாய்க் கமெராவை உள்ளே விட்டால் மட்டும் எதுவும் தெரியாது. சுவர்களைப் பிரித்து விரிக்க வேண்டும். அதற்குத்தான் திரவத்தை அழுத்தத்தோடு உள்ளே விடுகிறார்கள். அந்தத் திரவமே குருதியையும் வெட்டிய துண்டுகளையும் கழுவி வெளியே கொண்டுவந்து பார்வையைத் தெளிவாக வைத்திருக்கிறது. ஹிஸ்டெரோஸ்கோப்பி என்று வைத்தியர்கள் சொல்லும் இந்த முறையில் வயிற்றில் தழும்பு இல்லை. பெரும்பாலானோர் அன்றோ மறுநாளோ வீடு போய்விடலாம், சில நாட்களில் வேலைக்கும் திரும்பலாம். தனியே குடும்பத்தைச் சுமக்கிற பெண்ணுக்கு இது சின்ன விடயமல்ல. ஆகவே பின்வருபவற்றை வாசித்துவிட்டு யாரும் இந்தச் சிகிச்சை வேண்டாம் என்று முடிவெடுக்கக் கூடாது. பாரதூரமான சிக்கல்கள் அரிதாகவே ஏற்படுகின்றன. அரிதாக இருப்பதற்குக் காரணம், அவதானமாகக் கணக்கு வைக்கப்படுவதுதான்.

அழுத்தம் எப்படி வருகிறது? பழைய, எளிய முறை, பையை உயரத்தில் கொழுவுவது. கருப்பையின் மட்டத்திலிருந்து ஒரு மீற்றர் உயரத்தில் தொங்கும் பை ஏறத்தாழ 74 மில்லிமீற்றர் இரச அழுத்தத்தைக் கொடுக்கும். பம்ப் இருந்தால் அழுத்தத்தை அதில் அமைத்துக்கொள்ளலாம். கட்டியை வெட்டும்போது கருப்பைத் தசையிலுள்ள நாளங்களும் வெட்டுப்படுகின்றன. நாளத்துக்குள் இருக்கும் அழுத்தம் மிகக் குறைவு. வெளியே திரவம் அதிக அழுத்தத்தில் நிற்கிறது. வாய் திறந்த குழாய்க்குள் தண்ணீர் தள்ளப்படுவதுபோல அது நேரே குருதியோட்டத்துக்குள் போய்விடும். பெரிய நாளங்கள் திறந்திருந்தால் சில நிமிடங்களிலேயே நூற்றுக்கணக்கான மில்லிலீற்றர் உள்ளே போய்விடலாம். கொஞ்சம் பலோப்பியன் குழாய்கள் வழியாக வயிற்றறைக்குள்ளும் கசியும்.

இதனால்தான் கருப்பைக்குள் கொடுக்கும் அழுத்தம் நோயாளியின் சராசரிக் குருதியமுக்கத்தைத் தாண்டக்கூடாது என்பது அடிப்படை விதி. 120/80 என்று இருப்பவருக்கு அந்தச் சராசரி 93 அளவில் வரும். ஆனால் முள்ளந்தண்டு ஊசி போட்ட பிறகு குருதியமுக்கம் இறங்குவது வழக்கம். சராசரி 70 க்கு வந்துவிட்டால், சற்று முன்வரை பாதுகாப்பாக இருந்த அதே ஒரு மீற்றர் உயரம் இப்போது எல்லையைத் தாண்டியதாகிவிடுகிறது. பை அசையவில்லை. மாறியது நோயாளியின் உடல்.

அடுத்தது, உள்ளே போவது என்ன திரவம் என்பது. இது வெட்டுகின்ற மின்கருவியைப் பொறுத்தது. மொனோபோலர் என்ற பழைய வகைக் கருவியில் மின்சாரம் கருவியின் நுனியிலிருந்து உடலினூடாகச் சென்று, தொடையில் ஒட்டிய தகட்டின் வழியே திரும்புகிறது. உப்புக் கரைசல் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் அங்கே உப்பில்லாத திரவம் வேண்டும். 1.5 வீத கிளைசின், சோர்பிடோல், மனிற்றோல் போன்றவை அதற்குப் பயன்படுகின்றன. பைபோலர் என்ற புதிய வகையில் மின்சாரம் நுனிக்குள்ளேயே சென்று திரும்பிவிடுவதால் சாதாரண சேலைனைப் பாவிக்கலாம்.

இங்கே எங்கள் ஆட்களுக்கு மட்டுமான ஒரு விடயத்தைச் சொல்லிவிட வேண்டும். செல் துண்டுகளை உடம்பில் சுமந்துகொண்டிருக்கிற பெண்கள் வன்னியில் ஏராளம். மின்சாரம் உடலினூடாகச் செல்லும் சத்திரசிகிச்சைகளில், திரும்பும் தகட்டை உலோகத்துக்கு மேலோ பெரிய தழும்புக்கு மேலோ ஒட்டக்கூடாது. தொடையிலோ இடுப்பிலோ துண்டு இருந்தால், எத்தனை வருடம் ஆகியிருந்தாலும், கேட்காவிட்டாலும், அதை வைத்தியரிடம் சொல்லுங்கள். அதை எப்படி வந்தது, எங்கே வந்தது என்று விளக்க வேண்டியதில்லை. எந்த இடத்தில் இருக்கிறது என்றால் போதும்.

உப்பில்லாத திரவம் குருதிக்குள் அதிகமாகப் போனால் சோடியம் ஐதாகிவிடும். குருதியில் அதன் வழமையான அளவு லீற்றருக்கு 135 முதல் 145 மில்லிமோல். ஒரு லீற்றர் கிளைசின் திரவம் உறிஞ்சப்பட்டால் அது ஏறத்தாழ 10 குறையும் என்று கணிப்பார்கள். குறையக் குறைய நீர் மூளைக் கலங்களுக்குள் புகுந்து அவற்றை வீங்கச் செய்கிறது. முதலில் குமட்டல், தலையிடி, அந்தரம். கிளைசின் என்றால் கண் மங்குவதும் உண்டு. 120 க்குக் கீழே போனால் வலிப்பும் நினைவிழப்பும் வரலாம். இந்த வீக்கம் எல்லோரையும் ஒரே மாதிரித் தாக்குவதில்லை. சத்திரசிகிச்சைகளுக்குப் பின் சோடியம் குறைந்து மூளை பாதிக்கப்பட்டவர்களை ஆராய்ந்து 1992 இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்று, மாதவிடாய் நிற்காத பெண்கள் உயிரிழக்கும் அல்லது நிரந்தர மூளைப் பாதிப்புக்கு உள்ளாகும் ஆபத்து மற்றவர்களைவிட ஏறத்தாழ 25 மடங்கு என்று கண்டது. மூளைக் கலங்கள் சோடியத்தை வெளியே தள்ளித் தம்மைக் காத்துக்கொள்ளும் வேகத்தைப் பெண் ஹோர்மோன்கள் மட்டுப்படுத்துவது இதற்கான விளக்கமாகச் சொல்லப்படுகிறது.

அப்படியானால் சேலைன் பாவித்தால் பிரச்சினை இல்லைத்தானே? அப்படி நினைத்ததன் விலை நியூயோர்க்கில் தெரிந்தது. 1997 நவம்பரில் மன்ஹாட்டனிலுள்ள ஒரு பெரிய வைத்தியசாலைக்கு, கருப்பையிலிருந்த சாதாரணக் கட்டியை அகற்றுவதற்காக 30 வயதுப் பெண் ஒருவர் போனார். சத்திரசிகிச்சையின்போதே இறந்துபோனார். புற்றுநோய் இல்லை, வேறு வருத்தம் இல்லை. கருப்பைக்குள் விடப்பட்ட சேலைன் அளவுக்கு மிஞ்சி உடலில் தேங்கிவிட்டது. வைத்தியர்களுக்குப் பழக்கமில்லாத புதிய கருவி. அதைத் தயாரித்த கம்பனியின் விற்பனைப் பிரதிநிதி கூடத்துக்குள் நின்று கட்டுப்பாட்டுப் பொத்தான்களை இயக்கியிருக்கிறார். எவ்வளவு உள்ளே போனது, எவ்வளவு திரும்பி வந்தது என்ற கணக்கு ஒழுங்காக வைக்கப்படவில்லை. மாநில சுகாதாரத் திணைக்களம் விசாரித்து 1998 இல் அந்த வைத்தியசாலைக்கு 30,000 டொலர் தண்டம் விதித்தது.

சேலைன் சோடியத்தைக் குறைப்பதில்லை என்பது உண்மை. ஆனால் அது நீர், அதோடு உப்பு. ஒரு லீற்றரில் 9 கிராம் உப்பு இருக்கிறது. இரண்டரை லீற்றர் உடலில் தங்கினால் 22.5 கிராம். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே சாப்பிடச் சொல்கிறது. நான்கு நாளைக்கு மேற்பட்ட உப்பு ஒரு மணித்தியாலத்துக்குள் நேரே குருதிக்குள் போகிறது. இதயம் அதைத் தள்ள முடியாமல் திணறும்போது நீர் சுவாசப்பைக்குள் ஊறுகிறது. இருமல், மூச்சுத் திணறல், ஒட்சிசன் அளவு இறங்குதல். விழித்திருக்கிற நோயாளி சொல்லலாம். முழு மயக்கத்தில் இருப்பவருக்காக இயந்திரங்களும் அவற்றைப் பார்த்துக்கொண்டிருக்கிற மயக்க மருந்து வைத்தியருந்தான் பேச வேண்டும்.

அமெரிக்க, ஐரோப்பிய மகப்பேற்று வைத்தியர் அமைப்புகளின் வழிகாட்டிகள் ஓர் எல்லையை வகுத்திருக்கின்றன. ஆரோக்கியமான பெண்ணுக்கு, உப்பில்லாத திரவமென்றால் திரும்பி வராத அளவு 1,000 மில்லிலீற்றரையும் சேலைனென்றால் 2,500 மில்லிலீற்றரையும் எட்டியதும் சத்திரசிகிச்சையை நிறுத்த வேண்டும். முதியவர்களுக்கும் இதயம், சிறுநீரகம் போன்றவற்றில் வருத்தம் உள்ளவர்களுக்கும் அந்த எல்லைகள் 750 ஆகவும் 1,500 ஆகவும் இறங்குகின்றன. "ஆரோக்கியமான" என்ற சொல்லில் கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கிறது. எங்கள் அக்காவின் நிறை 44 கிலோ. அந்த உடம்பில் ஓடும் குருதியே மூன்று லீற்றருக்குச் சற்றுக் குறைவாகத்தான் இருக்கும். 80 கிலோ உள்ள ஒருவருக்கு வகுத்த இரண்டரை லீற்றரும் இவருக்கு வகுத்த இரண்டரை லீற்றரும் ஒன்றல்ல. வருடக்கணக்கில் குருதிச்சோகையோடு ஓடிக் களைத்த இதயம் வேறு. எல்லையை யாருக்கு எங்கே வைப்பது என்பதை வழிகாட்டிப் புத்தகத்தைவிட, முன்னால் படுத்திருக்கிற உடலைப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும். நல்ல வைத்தியர்கள் அப்படித்தான் செய்கிறார்கள்.

கணக்கு கேட்பதற்கு எளிது. உள்ளே போனதிலிருந்து வெளியே வந்ததைக் கழித்தால் சரி. செய்யும்போது அப்படி இல்லை. வெளியே வரும் திரவத்தில் ஒரு பகுதி உறிஞ்சும் போத்தலுக்குப் போகும், ஒரு பகுதி விரித்த துணியில் ஊறும், ஒரு பகுதி நிலத்தில் ஓடும். மூன்று லீற்றர் என்று எழுதிய பையில் அதைவிடச் சற்றுக் கூடவே இருக்கும். பை வெறுமையானபோது ஒரு தடவை பார்ப்பது போதாது. நிறுத்து அளவிடும் இயந்திரம் இருந்தால் அது தொடர்ச்சியாகக் காட்டிக்கொண்டிருக்கும். இல்லாத இடத்தில் ஒரு தாதி இந்த வேலைக்கென்றே நின்று, பத்து நிமிடத்துக்கு ஒரு தடவையாவது கூட்டிக் கழித்துச் சத்தமாகச் சொல்ல வேண்டும். விலையுயர்ந்த இயந்திரத்தைவிட அந்தச் சத்தமான குரல் முக்கியம் என்று எனக்குத் தோன்றுகிறது. நியூயோர்க்கில் இயந்திரம் புதியது. கணக்குத்தான் இல்லாமல் போனது.

இனிக் குளிருக்கு வருவோம். குளிரூட்டிய கூடத்தில் வைத்திருந்த பை கூடத்தின் வெப்பநிலையில், 20 அல்லது 21 பாகை செல்சியஸில் இருக்கும். உடல் 37 இல் இருக்கிறது. 45 கிலோ உள்ள ஒருவரின் உடலில் அப்படியான ஒரு லீற்றர் தங்கிவிட்டால், அதைச் சூடாக்கவே உடல் வெப்பம் கிட்டத்தட்ட 0.4 பாகை இறங்கும். தங்காமல் வெளியே வருகிற திரவமும் சும்மா வரவில்லை. உள்ளே இருந்த சில கணத்தில் சூட்டை வாங்கிக்கொண்டுதான் வருகிறது. ஐந்து பை போனால் ஐந்து பையும் அள்ளிக்கொண்டு போகும். இவற்றுக்கு முன்பே மயக்க மருந்து தன் வேலையைத் தொடங்கிவிடுகிறது. முழு மயக்கமோ முள்ளந்தண்டு ஊசியோ, இரண்டுமே நாளங்களைத் தளர்த்தி, உடலின் நடுப்பகுதியிலிருக்கும் சூட்டைக் கைகால்களுக்குப் பரவவிடுகின்றன. முழு மயக்கத்தில் முதல் மணித்தியாலத்திலேயே ஒன்று, ஒன்றரை பாகை இறங்கிவிடலாம். உள்வெப்பம் 36 க்குக் கீழே போனால் அதை வைத்தியர்கள் ஆபத்தாகவே எடுத்துக்கொள்கிறார்கள். குருதி உறைவது மந்தமாகிறது, புண்ணில் கிருமி தொற்றும் வாய்ப்புக் கூடுகிறது, நடுக்கம் ஒட்சிசன் தேவையைப் பல மடங்கு ஏற்றுகிறது. குருதிச்சோகை உள்ளவருக்கு அந்தச் செலவு பெரிய செலவு.

பிரித்தானியாவின் தேசிய வழிகாட்டி 2008 முதல் சொல்லிவருவது, சத்திரசிகிச்சையில் கழுவப் பயன்படும் திரவங்களை வெப்பக் கட்டுப்பாடுள்ள அலுமாரியில் 38 முதல் 40 பாகை வரை சூடாக்கிப் பாவிக்க வேண்டும் என்பது. அலுமாரி என்று குறிப்பிட்டுச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சுடுதண்ணீருக்குள் பையைப் போட்டுக் கைக்கணக்கில் சூடாக்கினால் உள்ளே எத்தனை பாகை என்று தெரியாது, சுட்டுவிடும். கருப்பையின் உட்சவ்வை வேண்டுமென்றே அழிக்கும் வேறொரு சிகிச்சையில் 90 பாகைச் சேலைனைப் பாவிக்கிறார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால் விளங்கும்.

சூடாக்கினால் உறிஞ்சல் கூடுமா, குறையுமா? இரண்டு பக்கமும் வாதம் இருக்கிறது. சூடு நாளங்களை விரிக்கும், ஆகவே கூடுதலாக உள்ளே போகும் என்பது ஒரு பயம். 37 பாகையில் நீரின் பிசுக்குமை 20 பாகையில் இருப்பதைவிட ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைவு என்பதால் அது இலகுவாக ஓடும் என்பதும் உண்மை. மறுபக்கத்தில், குளிர்ந்த உடலில் குருதி உறைவது மந்தமாகி நாளங்கள் அடைபடாமல் நின்றால் அதுவும் நல்லதல்ல. ஆண்களின் புரொஸ்ரேற் சுரப்பியைச் சுரண்டும் சத்திரசிகிச்சையிலும் இதே பயம் இருந்தது. அங்கே ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளில், சூடாக்கிய திரவம் குருதியிழப்பைக் கூட்டியதாகத் தெரியவில்லை. எப்படிப் பார்த்தாலும் உறிஞ்சலின் பெரும்பகுதியைத் தீர்மானிப்பவை வேறு: அழுத்தம், திறந்திருக்கும் நாளங்கள், கட்டி தசைக்குள் எவ்வளவு ஆழமாகப் போயிருக்கிறது என்பது, எடுத்துக்கொண்ட நேரம்.

நான் இதை எழுதத் தொடங்கியபோது, குளிர்ந்தது என்றால் தண்ணீர் உடம்புக்குள் தங்கிவிட்டது என்று அர்த்தம் என அக்காவைப் போலத்தான் எண்ணியிருந்தேன். அது பிழை. ஒரு துளிகூட உறிஞ்சப்படாமலே ஒருவர் நடுங்கலாம். முள்ளந்தண்டு ஊசி மட்டுமே அதற்குப் போதும். இதன் மறுபக்கந்தான் கவனிக்க வேண்டியது. சூடான திரவம் பாவித்தால் நோயாளி நடுங்கமாட்டார், சுகமாகப் படுத்திருப்பார், அதே நேரம் இரண்டு லீற்றர் சத்தமில்லாமல் குருதிக்குள் போயிருக்கலாம். சூடாக்குவது குளிருக்கு மருந்து. உறிஞ்சலுக்கு மருந்து கணக்கு மட்டுந்தான். ஒன்றைச் செய்துவிட்டோம் என்பதற்காக மற்றதை விடமுடியாது.

சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்திருப்பவர்கள் முன்கூட்டியே கேட்கக்கூடியவை உண்டு. எந்தத் திரவம் பாவிப்பீர்கள், எனக்கு எந்த அளவில் நிறுத்துவீர்கள், கணக்கை யார் பார்ப்பார் என்று கேட்பது மரியாதைக் குறைவல்ல. மூச்சு எடுக்கக் கஷ்டமாக இருக்கிறதா, நீர் வருத்தம், நெஞ்சு வருத்தம் இருக்கிறதா, என்ன குளிசைகள் எடுக்கிறீர்கள் என்பதைச் சொல்லுங்கள். விழித்திருக்கையில் தலையிடியோ குமட்டலோ மூச்சு முட்டுவதோ கண் மங்குவதோ வந்தால், "பேசாமல் கிடப்பம்" என்று பொறுத்துக்கொள்ளாமல் உடனே சொல்லுங்கள். பொறுத்துக்கொள்வது எங்கள் பெண்களுக்குப் பழகிப்போன ஒன்று. அந்த மேசையில் அது உதவாது.

அக்காவிடம் வைத்தியசாலையில் கொடுத்த டயக்னோசிஸ் கார்ட் இருந்தது. அடையாள அட்டை, காணி உறுதிப் பிரதி, கணவரைப் பற்றிய விண்ணப்பங்கள் எல்லாவற்றோடும் ஒரே பொலித்தீன் பைக்குள் வைத்திருந்தார். ஆங்கிலத்தில் எழுதியிருந்ததால் மூன்று மாதமாக யாருக்கும் காட்டவில்லை. நான் வாங்கி வாசித்தேன். சேலைன் பாவிக்கப்பட்டது. திரும்பி வராத அளவு 1,400 மில்லிலீற்றர். அந்த அளவு வந்ததால் கட்டியின் மீதியை விட்டுச் சத்திரசிகிச்சை நிறுத்தப்பட்டது. சலம் போவதற்கு ஊசி போடப்பட்டது. இரண்டாவது கட்டம் பின்னர்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பாதியில் விட்டது ஏழை என்றபடியால் அல்ல, யாரோ ஒருவர் கணக்குப் பார்த்து நிறுத்தச் சொன்னதால் என்று நான் இரண்டு தரம் விளங்கப்படுத்த வேண்டியிருந்தது. இந்த நான்கு வரியை அன்றைக்கே யாராவது தமிழில் சொல்லியிருந்தால் அவர் மூன்று மாதம் இப்படி வெந்திருக்கத் தேவையில்லை.

"அப்ப அந்த ரெண்டு நாளும் நான் ஓடி ஓடிச் சலம் போனது அந்தத் தண்ணிதானோ?"

அதுதான் அக்கா என்றேன்.

அடுத்த கிளினிக் திகதியைக் கார்ட்டின் பின்பக்கத்தில் காட்டினார். இந்த முறை போகும்போது தண்ணீரைச் சூடாக்கித் தருவார்களா என்று கேட்கப்போவதாகச் சொன்னார். "அதோட எவ்வளவு திரும்பி வரேல்லை எண்டும் கேப்பன்."